கோடு எந்தப் பக்கம் ஓடியது

நண்பா,

இன்று காலை பேத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவினாள். அந்த மர வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே ஒரு சொட்டு விடுவோமே, அந்தத் தேவதாரு மர எண்ணெயின் வாசனை.

ஆஸ்பத்திரி லேபில் நாம் ஒரே மேஜைக்காரர்கள். திங்கட்கிழமை வந்தால் முதல் வேலை, மைக்ராஸ்கோப்பின் பெரிய லென்ஸைச் சோதிப்பது. அதற்கென்று ஒரு ஸ்லைடு. அதில் கண்ணுக்கே தெரியாத கடல்பாசி ஒன்றின் கண்ணாடி போன்ற ஓடு, ஓடு முழுக்க மயிரைவிடச் சன்னமான கோடுகள். நல்ல லென்ஸ் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். கெட்டுப்போனது சாம்பல் பூசினாற்போல் காட்டும். ஒருவர் ஸ்லைடைத் திருப்பி வைக்க மற்றவர் பார்க்கவேண்டும் என்ற வழக்கம் நீ கொண்டுவந்தது. "கோடு எந்தப் பக்கம் ஓடுது? சொல்லு பாப்போம்!" என்று நிற்பாய். நான் தப்பாகச் சொன்னால், மலாய்க்காரர் மாதிரி "அலாமாக்! கண்ண வீட்டுல வெச்சிட்டு வந்துட்டியாடா?" என்பாய்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த ஆண்டு உன்னை மருந்தறைக்கு மாற்றினார்கள். லேபில் நான் தனி ஆள். ஸ்லைடை நானே வைத்தேன், நானே பார்த்தேன். கோடுகள் மேலும் கீழுமாக ஓடின. ஓடாமல் என்ன செய்யும், வைத்தவனே நான்தானே! 'சரி' என்று நோட்டில் எழுதினேன்.

அப்போதுதான் விடாத இருமலோடு நீ சளி டப்பியைக் கொண்டுவந்தாய். "நீயே பாருடா. வேற யாருக்கும் தெரிய வேணாம்." உனக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. டீபி என்று பேச்சு வந்தால் அந்த வீட்டார் நிற்கமாட்டார்கள். நான் பார்த்தேன். சத்தியமாக நெடுநேரம் பார்த்தேன். எதுவும் இருக்கக்கூடாதே என்று வேண்டிக்கொண்டே பார்த்தேன். 'கிருமி இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். "அப்பாடா!" என்று என்னைக் கட்டிக்கொண்டாய். அந்த வாரம் நம் தெங்கேரா தெரு முழுக்க இருமிக்கொண்டே சுதந்திரக் கொடி கட்டினாய்.

சில மாதங்களில் ரத்தம் கக்கிப் படுத்தாய். நேரே நம் மேஜைக்குப் போனேன். லேபுக்குப் புதிதாக வந்தவரிடம் சோதனை ஸ்லைடைத் திருப்பி வைக்கச் சொன்னேன். "எந்தப் பக்கம்?" என்றார். எனக்குக் கோடே தெரியவில்லை, வெறும் சாம்பல்தான். நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்திருந்தது. வேறு லென்ஸைப் போட்டு எடுத்து வைத்திருந்த உன் பழைய சளி ஸ்லைடைப் பார்த்தேன். சிவப்புக் குச்சிகளாகக் கிருமிகள் கிடந்தன.

வார்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். நீ ஒன்றுதான் கேட்டாய். "அன்னிக்கி சோதனை ஸ்லைட யாருடா திருப்பி வெச்சா?"

"நானேதான்டா."

"அப்ப நீ பாக்கல. உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சு, அவ்ளோதான்."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். மருந்து இருந்தது, ஆனால் உன் இரண்டு நுரையீரலும் அரித்துப்போயிருந்தன. மாரியம்மன் திருவிழாவுக்கு முன்பே போய்விட்டாய்.

அந்தப் பேச்சு நம் இருவரோடு நின்றுவிட்டது. உன்னைத் தூக்கிய அன்று உன் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கடைசி வரைக்கும் எங்கண்ணன கவனமா பாத்தது நீங்க ஒருத்தர்தாண்ணே." நான் கையை விலக்கவில்லை. உண்மையைச் சொல்லவும் இல்லை. அவள் இப்போது கிளேபாங்கில் இருக்கிறாள். தீபாவளிக்குத் தீபாவளி எனக்கென்று தனியாக முறுக்கு சுட்டுக் கொடுத்தனுப்புகிறாள், அண்ணன் முறைக்கு.

இந்த ஆண்டும் வாங்கிச் சாப்பிட்டேன்.