மேப்பிள் சர்க்கரை வரும் பக்கங்கள்

வீடு முழுக்க ஸ்ட்ராபெரியும் மேப்பிள் சர்க்கரையும் கருகிய வாசனை. ஜாமை அடுப்பில் வைத்துவிட்டுப் நம் கடிதப் புத்தகத்தின் பதிப்பாளர் அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்தது என் புத்தி. 'சமையல், பிள்ளைகளின் இருமல், தங்கையோடு சண்டை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அடிமை ஒழிப்புப் பகுதி மட்டும் இருந்தால்தான் அச்சுக்குப் போகும்' என்கிறார். படித்ததும் உங்களைக் கூப்பிடத்தான் கை போனை எடுத்தது. நீங்கள் போய் இது முதல் கோடை.

சனிக்கிழமைதோறும் ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யிலிருந்து மெட்ரோ ரயில் பிடித்து, நோத்ர-டாம்-த-கிரேஸில் என் வீட்டுக்கு வருவீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அடிமை முறைக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிய ஒரு பெண், தன் தங்கைக்கு எழுதிய கடிதங்கள். அவற்றைத் தமிழாக்க உட்கார்ந்தோம். கோயம்புத்தூர்க்காரி நான் அவளுக்கு 'அம்மணி' என்று பெயர் வைத்தேன். மட்டக்களப்புக்காரி நீங்கள் சிரித்துவிட்டு அதையே பிடித்துக்கொண்டீர்கள்.

அம்மணி சிக்கனக்காரி. பக்கம் நிறைந்ததும் தாளைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளுக்குக் குறுக்கே மறுபடி எழுதுவாள். வரி மாறாமலிருக்கப் பிரதியின்மேல் அடிக்கோலை வைத்து நீங்கள் வாசிக்க, நான் எழுதுவேன். ஒருமுறை கோல் நழுவி, குழந்தையின் இருமல் மருந்தை மகளிர் கூட்டத்தின் தீர்மானமாக மொழிபெயர்த்து வைத்தோம். கண்டுபிடித்தபோது சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அடிமைகள் விளைவித்த கரும்பின் சர்க்கரை வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவள் வைராக்கியம். மேப்பிள் மரச்சாற்றைக் காய்ச்சி எடுத்த சர்க்கரையில்தான் ஜாம். பிள்ளைகள் அதைத் தொடவில்லை, வெள்ளைச் சர்க்கரை கேட்டு அழுதார்கள். தங்கை கேலி செய்ய, அம்மணி பக்கம் பக்கமாகச் சண்டை பிடித்தாள்.

"இதையும் போடணுமாங்க?" என்று கேட்டேன்.

"மேடையில கதைக்கிறது லேசு. பிள்ளை அழக்குள்ள சீனி வாங்காம இருக்கிறதுதான் கஷ்டம். அதை விட்டா இவ ஆரு?" என்றீர்கள்.

சொல்லிக்கொண்டே உங்கள் தேநீரில் தாராளமாகச் சீனி போட்டீர்கள். நான் அதைப் பார்ப்பதைக் கண்டு, "நான் அம்மணி இல்லையே" என்றீர்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது குரல் வரவே சிரமப்பட்டது. "ஜாம் பக்கத்தை விட்டுடாதீங்க" என்றீர்கள். அழுதுவிடுவேன் என்ற பயத்தில், சரி என்பதற்கு உங்களைப் போலவே "ஓம்" என்று மட்டும் சொன்னேன்.

பதில் எழுதிவிட்டேன். ஒரு வரியும் எடுக்க முடியாது. ஒப்புக்கொள்ளாவிட்டால் கைப்பிரதியைத் திருப்பி அனுப்புங்கள், வேறு பதிப்பகம் பார்க்கிறேன் என்று. கீழே நம் இருவர் பெயரையும் போட்டேன். அவர் மறுத்தால் புத்தகம் வர இன்னும் எத்தனை வருடமோ தெரியாது. வரும்போது முழுதாகத்தான் வரும்.

அடுத்த புத்தகத்துக்கென்று இன்னும் ஒரு கட்டுக் கடிதங்கள் மிச்சம். இனி அடிக்கோலைப் பிடிப்பதும் நான்தான், எழுதுவதும் நான்தான். நீங்கள் இல்லாத சனிக்கிழமைகள் எனக்குப் பிடிக்கவே இல்லை, ஆனாலும் உட்காருவேன்.

அடிபிடித்த பாத்திரத்தைத் தேய்த்தாயிற்று. மறுபடி ஸ்ட்ராபெரி நறுக்கப் போகிறேன். இந்த முறை அடுப்பை விட்டு நகரமாட்டேன்.