உன் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள், ஸ்டெல்லா

என் உயிர்த் தோழி ஸ்டெல்லாவுக்கு,

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. ஆனால் ஆபீசில் நீ இன்னும் வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். கிண்டல் இல்லை. போன வாரம் வரை உன் பெயரில் ஒப்புதல்கள் போய்க்கொண்டிருந்தன. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உன்னைத் தெரியாதவர்களும் படிக்கட்டும் என்றுதான் வெளிப்படையாக எழுதுகிறேன்.

அவர்களுக்காக நம் வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை. போர்ட் பிளேரிலிருந்து ஹாவ்லாக் தீவுக்கும் நீல் தீவுக்கும் ஓடுகிற ஒரு தனியார் படகுக் கம்பெனிக்கு டிக்கெட் மென்பொருள் செய்கிறோம். மென்பொருளின் வடிவத்தை முதலில் கட்டங்களும் கோடுகளுமாக வரைந்துவைப்போம். பயணி ஒரு கட்டம், டிக்கெட் ஒரு கட்டம், படகு ஒரு கட்டம். எது எதோடு சேர்ந்திருக்க வேண்டும் என்பதற்குக் கோடு. கம்பெனி அடிக்கடி புதிதாக எதையாவது கேட்கும். ஒரு கட்டத்தை மாற்றினால் வேறு எங்கோ ஒரு கோடு அறுந்துபோகும். அதைக் கண்டுபிடிக்க ஒரு டூல் இருக்கிறது. எங்கே அறுந்தது என்று காட்டும், சரிசெய்ய இரண்டு மூன்று வழியும் சொல்லும். அந்தக் கட்டத்துக்குப் பொறுப்பானவர் சரி என்றால் தானே மாற்றிவிடும்.

பொறுப்பானவர் சில நாட்களுக்குள் பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள் என்ற விதியை அந்த டூலில் போட்டது நீதான். அன்றைக்கு அதில் தப்பில்லை. நீ நீல் படகுத்துறை ஜெட்டியில் டிக்கெட் கவுன்ட்டர்க்காரர்களோடு உட்கார்ந்திருப்பாய். சிக்னல் இருக்காது. சென்னையில் இருக்கிற டீம் உன் பதிலுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். நம் ஊர் நெட்டைப் பற்றி மெயின்லாண்ட்காரர்களுக்கு விளக்கி விளக்கி உனக்கு அலுத்துப்போனது. உயிரோடு இருக்கிறவர்களுக்காக எழுதிய விதி அது. எழுதியவள் செத்துப்போனால் என்ன செய்வது? நம் வயதில் யார் அதை யோசிப்பார்கள்?

டாலிகஞ்ச் ரோட்டில் மழையில் உன் ஸ்கூட்டர் சறுக்கியது. பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது. அடக்கம் முடிந்த மறுநாளே நம் மேனேஜர் முரளி சார் உன் லேப்டாப்பை வாங்கிவர என்னை உன் வீட்டுக்கு அனுப்பினார். அதற்கு மட்டும் அவசரம் இருந்தது. உன் பெயரை எப்போது மாற்றுவது என்று கேட்டேன். சீனியர் டிசைனர் ஒருவர் இருக்கிறார் என்று காட்டினால்தான் படகுக் கம்பெனியோடு போட்ட காண்ட்ராக்ட் நிலைக்கும், புது ஆளைப் போட்டால் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றார். "ரெஹ்னே தோ, விடு கவிதா. பெயர்தானே. அது சோறா கேட்கப்போகுது?"

நீ சண்டை போட்டு வரைந்த கட்டம் ஒன்று உண்டே, 'கூடவருபவர்' என்று, ஞாபகம் இருக்கிறதா? போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு வந்து தீவுக்குத் திரும்பும் நோயாளியும் கூட வந்தவரும் ஒரே படகில் போக வேண்டும். படகு ரத்தானால் மாற்று டிக்கெட்டும் இருவருக்கும் ஒரே படகில் கிடைக்க வேண்டும். இதெல்லாம் யார் கேட்டார்கள் என்றது கம்பெனி. ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று பாருங்கள், யார் கேட்கிறார்கள் என்று தெரியும் என்றாய். அன்றைக்கு அவர்கள் வாயை அடைத்துவிட்டாய்.

நீ போன பிறகு கம்பெனிக்கு சொகுசு வகுப்பு ஒன்று வேண்டியிருந்தது. அதைச் சேர்த்தபோது உன் கோடு இடித்தது. டூல் மூன்று வழி சொன்னது. முதல் வழி, கோட்டை வெட்டிவிடு. எதைச் செய்வது என்ற கேள்வி உன் மெயிலுக்குப் போனது. நீ பதில் சொல்லவில்லை. நாள் கழிந்ததும் டூல் முதல் வழியையே எடுத்துக்கொண்டு எழுதியது: ஒப்புதல், ஸ்டெல்லா.

அப்புறம் ஒருநாள் காற்று பலமாக இருந்து படகு ரத்தானது. கண் ஆபரேஷன் முடிந்து நீலுக்குத் திரும்பவிருந்த ஒரு பெங்காலி அம்மாவுக்கு மறுநாள் காலைப் படகு கிடைத்தது. அவர் மகனுக்கு மாலைப் படகு. மகன் ஜெட்டியில் கெஞ்சியிருக்கிறான். சீட் இல்லை, சிஸ்டம் விடாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு கண்ணிலும் கட்டோடு அந்த அம்மா தனியாகப் போனார். நீலில் இறங்கும்போது பலகையில் கால் தவறி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது.

புகார் வந்தது. முரளி சார் எழுதிய பதிலைப் படித்தேன். அது எங்கள் சீனியர் டிசைனரின் முடிவு, வருந்துகிறோம் என்று எழுதியிருந்தார். அந்தக் குடும்பத்துக்கும் உன் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு வசதி, பார்த்தாயா? டூலைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அது கேட்டது. பதில் சொல்ல வேண்டிய நாற்காலியில் ஒரு பிணத்தை உட்கார வைத்தது மனிதர்கள். இப்படிச் சொல்வதற்கு மன்னித்துக்கொள். மெதுவாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

அதோடும் முடியவில்லை. கோடு போனதால் அந்தக் கட்டத்துக்கே இனி வேலையில்லை, மொத்தமாக அழித்துவிடலாமா என்று டூல் அடுத்த கேள்வியை உனக்கு அனுப்பியிருந்தது. பொறுப்பானவரால்தான் மறுக்க முடியும். உன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடுகிறேன் என்றேன். போட்டால் எல்லாவற்றுக்கும் நீதான் பதில் சொல்ல வேண்டும் என்றார் முரளி சார். உன் வேலைக் காண்ட்ராக்டும் முடியப்போகுது, சோச் லோ, யோசிச்சுக்கோ என்றார்.

அதற்கு நான் பயப்படவில்லை. உன் அம்மாவுக்குத்தான் பயந்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜங்லிகாட்டில் உன் வீட்டுக்குப் போகிறேன். போனதும் அம்மா கேட்பது ஒன்றைத்தான், அவ பேரு இன்னும் ஆபீசுல இருக்கா என்று. இருக்கு என்பேன். தன்னிடம் மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த அந்த ஒன்றையும் எப்படிப் பிடுங்குவது?

போன ஞாயிறு எல்லாவற்றையும் சொன்னேன். சூரை மீன் அரிந்துகொண்டிருந்த கை நின்றது.

"அவ பேசாம இருந்தா சரின்னு யாருட்டி சொன்னது? எம்மவளுக்குக் கோவம் வந்தாத்தான் பேசமாட்டா. ஒங்க ஆபீசுல ஒருத்தனுக்கும் அது தெரியாதா?"

அப்புறம், "பேரை எடுத்துரு" என்றார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த வீட்டில் சாப்பிடாமல் திரும்பினேன். அவர் கூப்பிடவில்லை. நானும் நிற்கவில்லை.

திங்கட்கிழமை உன் பெயரை எடுத்தேன். என் பெயரைப் போட்டேன். கட்டத்தை அழிக்கக்கூடாது என்று எழுதினேன். அறுந்த கோட்டைத் திரும்பப் போட்டேன். கூடவே உன் விதியையும் மாற்றிவிட்டேன், ஸ்டெல்லா. இனி பதில் வராவிட்டால் எதுவும் நகராது. சென்னையில் வேலை நின்று கத்துகிறார்கள். யாரைக் கேட்டுச் செய்தாய் என்றார் முரளி சார். இத்தனை நாள் யாரைக் கேட்டீர்களோ அவளைத்தான் என்றேன்.

ஜெயித்துவிட்டதாக நினைக்காதே. காண்ட்ராக்டை நீட்டப்போவதில்லை என்று மெயில் வந்துவிட்டது. நான் வெளியே போன மறுநாளே எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட அவர்களால் முடியும். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று ஷாதிபூரில் எங்கள் வீட்டில் அப்பா புலம்புகிறார். நீ இருந்திருந்தால் வேறு ஏதாவது வழி கண்டுபிடித்திருப்பாயா? தெரியவில்லை.

ஒன்றை மட்டும் யாராலும் திரும்ப மாற்ற முடியாதபடி செய்யப்போகிறேன். வருகிற வாரம் நீலுக்குப் போகிறேன். அந்த அம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த அரைகுறை பெங்காலியில், இதைச் செய்தது ஸ்டெல்லா இல்லை, உங்களுக்காகச் சண்டை போட்டவள் அவள் என்று சொல்வேன். செய்தது யார் என்றும் சொல்வேன். அவர்கள் என்னைத் திட்டினாலும் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் வருவேன். இது சத்தியம்.

உன் கூடப் பிறக்காதவள், ஆனாலும் உன் வீட்டுப் பிள்ளை,
கவிதா