கைண்ட், கைண்டர், கைண்டஸ்ட்

ஜூலை 8, திங்கள்
விடாத மழை. குழாயில் கலங்கல் தண்ணீர். பை தைக்கிற பட்டறைக்கு லேட், சேட்டிடம் ஏச்சு.
வெள்ளிக்கிழமை பிரியா பள்ளி மேடையில் இங்கிலீஷ் பேசுகிறாள். ஆட்களை ஒப்பிட்டுச் சொல்ல வேண்டுமாம். கைண்ட் என்றால் அன்பானவர். கைண்டர், அவரைவிட. கைண்டஸ்ட், எல்லாரையும்விட. யாரைச் சொல்வாய் என்று கேட்டேன்.
"சர்ப்ரைஸ், மம்மி."
கவுனுக்கு இஸ்திரி. வெள்ளை ரிப்பன் வாங்க வேண்டும்.

ஜூலை 12, வெள்ளி
அரை நாள் லீவு. அவரும் வந்தார், தேவ்நாரிலிருந்து அவர் தங்கச்சியும். மைக்கில் பிரியா, பயமே இல்லாமல்:
"மை மதர் இஸ் கைண்ட். மை ஃபாதர் இஸ் கைண்டர் தேன் மை மதர். மை ஆன்ட்டி இஸ் த கைண்டஸ்ட்."
கைதட்டல். அவர் மொபைலில் வீடியோ எடுத்தார். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாதம் ஒரு தடவை சாக்லேட்டோடு வருகிறவள். நானும் தட்டினேன்.
பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன். "ஏட்டி, அம்மா ஏன் கடைசி?"
"நீ டெய்லி திட்டுத. பப்பா திட்டவே மாட்டாங்க."
எப்படித் திட்டுவார். நைட் டூட்டி முடிந்து வந்தால் தூக்கம். அவளுக்கு டைபாய்டு வந்த வாரம்கூட கிடந்தது என் மடியில்தான். அதற்கு இங்கிலீஷில் என்ன சொல்வார்களோ.
இதை அவளால் படிக்க முடியாது. அவள் பள்ளியில் தமிழ் இல்லை, எழுத்து தெரியாது. நல்லது.

ஜூலை 15, திங்கள்
இன்று திட்டவில்லை. எழுப்பவும் இல்லை. தண்ணீர் பிடித்து, சமைத்து, பட்டறைக்குப் போய்விட்டேன். கைண்டர் பார்த்துக்கொள்ளட்டும்.
சாயங்காலம் வந்தால் பிரியா மூலையில். யூனிஃபார்ம் ஈரம், பின்னாத தலை. பப்பா எழும்பவே இல்லையாம். லேட்டாகப் போனதால் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்களாம். மதியச் சாப்பாட்டு டப்பா அடுப்புமேல் அப்படியே.
என்னிடம் சொல்லவில்லை. அத்தைக்கு போன் போட்டு அழுதபோது காதில் விழுந்ததுதான் எல்லாம். ஸ்பீக்கரில் நாத்தனார் குரல்: "ஒங்கம்மைக்கு மனசே கெடையாது, தாயி. நீ அழாத."
ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. தலையைத் துவட்டப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

ஜூலை 16, செவ்வாய்
மழை இல்லை. தண்ணீர் பிடித்து, டப்பா கட்டி, எழுப்பினேன். அசையவில்லை. போர்வையை உருவினேன். தலை பின்னும்போது தூங்கி விழுந்தாள். ஒரு ஷூவைக் காணோம். கத்தினேன்.
உள்ளே படுத்தபடியே அவர்: "காலங்காத்தால பச்சப்புள்ளய ஏன் வையுத? கொஞ்சம் அன்பாத்தான் பேசேன்."
பிரியா அவரைப் பார்த்துச் சிரித்தாள். கட்டிலுக்கடியில் குனிந்து ஷூவை எடுத்து மாட்டிவிட்டேன்.