கதவைச் சாத்தச் சொன்னது நான்தான்

4-2-1985
நாளைக்குத் திண்டிவனம் கோர்ட்டு. ஜீவனாம்ச வழக்கு. விழுப்புரத்தில் போடாமல் அங்கே போட்டதே ஊர் வாய்க்குப் பயந்துதான். "நடத்தை கெட்டவளுக்கு நான் ஏன் சோறு போடணும்?" என்று என் வீட்டுக்காரர் பதில் மனு போட்டிருக்கிறார். நான் வேலை செய்யும் பால்வாடிக்கு மருந்து கொண்டுவரும் கம்பவுண்டரோடு என்னைச் சேர்த்து! தங்கை ஜெயத்துக்கு ஒலக்கூரில் பேசி வைத்திருக்கிறோம், இன்னும் பூ வைக்கவில்லை. இந்தப் பேச்சு அங்கே எட்டினால் அவள் கதி?

5-2-1985
கதவைச் சாத்தி விசாரிக்க என் வக்கீல் கிருஷ்ணசாமி கேட்டார். மாஜிஸ்ட்ரேட் சரி என்றார். டவாலி எல்லாரையும் வெளியே அனுப்பினான். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் வக்கீல் குமாஸ்தா சவுரிராயன் உள்ளேயே நிற்கிறான். இவன் எதற்கு?

26-2-1985
இன்று கூண்டில் அவர்.
"நீங்க நேர்ல பார்த்தீங்களா?"
"இல்ல... எங்கப்பா சொன்னாரு."
அப்பாவுக்கு யார் சொன்னதாம்? திருதிருவென்று விழித்தார். நல்லா வேணும். பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டும் வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

1-3-1985
குழாயடியில் பாஞ்சாலி அக்கா கேட்கிறாள்: "உள்ள நீயே ஒத்துக்கினியாமே? தப்பு இல்லன்னா எதுக்குடி கதவ சாத்தச் சொன்னே?"
பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் ஒலக்கூரிலிருந்து சேதி - பூ வைப்பதைத் தள்ளிப் போடலாமாம்.
யார் சொல்லியிருப்பார்கள்? சவுரிராயன்தான். வேற யாரு! டீக்கடையில் என்னைப் பார்த்து இளித்தானே அன்றைக்கு.

4-3-1985
"உங்க குமாஸ்தாவ உள்ள விடாதீங்க சார்" என்று வக்கீலிடம் போய்க் கத்தினேன். சவுரிராயன் அங்கேயே நின்றிருந்தார்.
"யம்மா, ஒங்க வூட்டுக்காரருதான் எதிர் ஓட்டல்ல குந்திக்கினு வர்றவன் போறவன்கிட்டல்லாம் கத வுட்டுக்கினு கீறாரு. எனக்கு வாய் நமநமன்னுது. உள்ள நடந்தத வெளிய பேசக்கூடாதுன்னு ஐயா உத்தரவாச்சே."
வெட்கம் பிடுங்கித் தின்றது. உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். அவர் ஒருத்தர்தான் பேசுகிறார்.

5-3-1985
கதவைத் திறக்கச் சொல்லப் போகிறேன். "பைத்தியமாடி உனக்கு?" என்கிறார் அப்பா. இருக்கலாம்.

12-3-1985
"நல்லா யோசிச்சியாம்மா?" என்றார் மாஜிஸ்ட்ரேட்.
"தொறக்கச் சொல்லுங்க ஐயா."
ஒலக்கூர் மாப்பிள்ளையின் அப்பா பச்சைமுத்துவை நானே ஆள் விட்டு வரச் சொல்லியிருந்தேன். கூட்டத்தைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் பக்க வக்கீல் துள்ளி எழுந்தார்.
"குடும்ப மானம் சம்பந்தப்பட்டது. கதவ சாத்தணும்!"
அடப்பாவிகளா, இப்போ யாருக்கு மானம் வந்துச்சு?
மாஜிஸ்ட்ரேட் மறுத்துவிட்டார். மறுபடி அதே கேள்வி. "பார்க்கல" என்றார் அவர். கடைசி பெஞ்சுக்குக் கேட்கவில்லை என்று என் வக்கீல் இன்னொரு தரம் சொல்ல வைத்தார்.
அப்புறம் என் முறை. எந்த ராத்திரி, எந்த அறை, அவர் எத்தனை நாள் என்னைத் தொடவில்லை - அவர் வக்கீல் ஒன்றையும் விடவில்லை. அத்தனை பேர் முன்னால் விக்கி விக்கி அழுதேன். பச்சைமுத்து நேரே போய் பஸ் ஏறிவிட்டார்.

22-3-1985
கூண்டில் என்னைக் கேட்டதெல்லாம் இப்போது தெருவுக்கே தெரியும். குழாயடிக்குப் போகக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் போகிறேன்.
தீர்ப்பு இன்னும் வரவில்லை.
இன்று ஒலக்கூர்க்காரர்கள் வந்து ஜெயத்துக்குப் பூ வைத்தார்கள். வாழாவெட்டி எதற்கு முன்னால் நிற்பது என்று நான் அடுப்படியிலேயே இருந்தேன். பச்சைமுத்து குரல் கொடுத்தார்: "பெரிய பொண்ணு எங்க? தட்ட அதுவே எடுத்துக் குடுக்கட்டும்."
எடுத்துக் கொடுத்தேன்.