மெட்ராசுக்குப் போகாத காசிம் பாய்க்கு

என் கூடப்பிறக்காத அண்ணன் காசிம் பாய்க்கு,

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. ஆம்பூரில் மழை நின்றுவிட்டது. தோல் பதனிடும் நம் டேனரியில் உங்கள் இடத்துக்கு வாணியம்பாடிக்காரர் ஒருவரை மேஸ்திரியாகப் போட்டிருக்கிறார்கள். நல்ல மனிதர்தான். ஆனாலும் ஆவாரம்பட்டைக் கொட்டகைப் பக்கம் போனால் என் கால் தயங்குகிறது. அங்கேதானே மாரில் வலி என்று மூட்டை மேல் உட்கார்ந்தீர்கள்? ஜட்கா வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதே.

உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்களைப் பற்றி என் மகளிடம் பொய் சொன்னேன்.

எட்டு வயது ரூத் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சலில் கிடந்தபோது, வேலூர் ஆஸ்பத்திரிக்கு எங்களோடு வந்தவர் நீங்கள். காய்ச்சல் இருதயத்தைத் தொட்டுவிட்டது, ஆறு மாதம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, எந்த அதிர்ச்சியும் ஆகாது என்றார் டாக்டரம்மா. திரும்பும்போது காட்பாடி ஸ்டேஷனில் நான் அழுததைப் பார்த்தவரும் நீங்கள்தான்.

அதற்குப் பிறகு குழந்தை பேச்சையே குறைத்துவிட்டாள். கஞ்சியைத் தொடமாட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். நீங்கள் கட்டில் பக்கம் குனிந்து, "இன்னாம்மா வேணும் உனக்கு? மாமா கைல சொல்லு" என்று கேட்டீர்கள்.

"நாய்க்குட்டி" என்றாள்.

நான் முடியாது என்றேன். என் மனைவி சலோமி சண்டைக்கே வந்துவிட்டாள். "நோவுல புள்ள கெடக்குது, இதுல நாய் வேறயா? நான் யாரைன்னு பாக்கறது?"

மறுநாள் சாயங்காலம், தோல் கிடங்கில் ஈன்றிருந்த நாயின் குட்டிகளில் ஒன்றை ஓலைக்கூடையில் வைத்து, கடைத்தெரு வழியாக எல்லோரும் பார்க்கத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். ஐந்து வேளையும் தொழுகிற மனிதர் நாயைச் சுமந்து வருகிறாரே என்று எத்தனை பேர் சிரித்தார்களோ. குட்டி உங்கள் கையை நக்கி ஈரமாக்கியிருந்தது.

"தங்கச்சி, கொஞ்சம் தண்ணி ஊத்தும்மா. நாய் எச்சில் பட்டா, தொழறதுக்கு முன்ன ஏழு வாட்டி கழுவணும், அதுல ஒரு வாட்டி மண்ணு போட்டு" என்றீர்கள். சலோமி செம்பிலிருந்து ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே அழுதாள். உள்ளே ரூத் சிரிக்கும் சத்தம் கேட்டது. "கேட்டியா தோஸ்த்? இதுக்குத் தண்ணி செலவு ஜாஸ்தியானா ஆவட்டுமே" என்று என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்.

சுட்ட ரொட்டி நிறத்தில் இருந்ததால் குட்டிக்கு ரொட்டி என்று பெயர் வைத்தாள். அதற்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று கஞ்சி இறங்கத் தொடங்கியது. நீங்கள் வரும்போதெல்லாம் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருவீர்கள். அவள் குட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "ரொட்டி, மாமா கிட்ட போவாதே. அவரு தொழுவணும்" என்று அதட்டுவாள்.

உங்களை அடக்கம் செய்துவிட்டு நான் வீட்டுக்குள் வந்ததும் அவள் கேட்டது, "பாய் மாமா ஏன் இன்னிக்கு வர்ல?" என்பதைத்தான். டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. "தோல் லோடோட மெட்ராஸ் போய்ட்டாரு" என்றேன்.

ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய். தோல் ஏற்றும் கப்பல் வரவில்லை என்றேன். அங்கே வேலை நீண்டுவிட்டது என்றேன். சலோமி உங்கள் வீட்டம்மாவைப் பார்த்துவிட்டு வரும்போது, வாசலிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வருவாள். தினமும் குடும்ப ஜெபத்தில் ரூத், "பாய் மாமா பத்திரமா திரும்பி வரணும் ஆண்டவரே" என்பாள். நாங்கள் இரண்டு பேரும் ஆமென் சொல்வோம். வேறு என்ன செய்திருக்க முடியும், பாய்?

போன வாரம் கட்டிலை விட்டு இறங்க டாக்டரம்மா அனுமதித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி வைத்தாள். ரொட்டி அவள் காலுக்குள் புகுந்து புகுந்து ஓடியது. மூச்சு வாங்க நின்றவள், "அப்பா, என்னிய மாமா வூட்டுக்குத் தூக்கினு போறியா? அவரு இல்லாட்டி இன்னா, மாமி இருப்பாங்கல்ல?" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவளை உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன்.

அழவில்லை. "எப்போ?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். விரல் விட்டு மாதத்தை எண்ணினாள். "அப்போ நான் தெனம் ஜெபம் பண்ணேனேப்பா, அது யாருக்கு?"

உங்களுக்குத் தெரியுமா?

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டே படுத்திருந்தாள். மூன்றாம் நாள், "மாமாவ வெச்ச எடத்துக்குக் கூட்டினு போ. ரொட்டி வர வேணாம், வூட்லயே கட்டு" என்றாள். தோளில் தூக்கிக்கொண்டு போனேன். கபரஸ்தான் மதிலுக்கு வெளியே நின்று உங்கள் மண்மேட்டைக் காட்டினேன்.

"மெட்ராஸ விட கிட்டக்கதான் கீறாரு" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

திரும்பி வரும் வழியில், என் காதோரம் வாயை வைத்து, "வேற எதுனா மறைச்சிக்கினு கீறியாப்பா?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றேன்.

அதுவும் பொய், பாய். அவள் இருதயம் இனி முழுசாகாது. இன்னொரு முறை அந்தக் காய்ச்சல் வந்தால் தாங்குமா என்று சொல்ல முடியாது என்று டாக்டரம்மா என்னைத் தனியே அழைத்துச் சொல்லியிருக்கிறார். சலோமிக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் ரூத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்குப் புரிகிற வார்த்தையில் அதைச் சொல்லிவிடுவேன். அவள் எவ்வளவு கேட்டாலும் உள்ளதையே சொல்வேன். எத்தனை நாள் என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி, எழுந்து போகமாட்டேன். உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு இது.

உங்கள் தம்பி,
ரூத்தின் அப்பா,
தேவசகாயம்