ஆங்கிலோ-சாக்சன் என்ன குடி

இன்று என் உடன்பிறந்த காக்கா வாங்கிவந்த கருவாட்டைச் சுற்றியிருந்த பத்திரிகைத் தாளில் ‘ஆங்கிலோ-சாக்சன் வல்லரசுகள்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. உங்களை அடக்கிய நாளிலிருந்து வெளியே போகாமல் இத்தா இருக்கும் எனக்கு உலகம் இப்படிக் கருவாட்டு வாடையோடுதான் வருகிறது. இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் ஒன்றாகச் சேர்த்துத் திட்டியிருந்தார்கள். நீங்கள் இருந்திருந்தால் பத்திரிகைக்காரரோடு சண்டைக்குப் போயிருப்பீர்கள்.

காக்கா இன்னொன்றும் சொன்னார். இனி அரசாங்கத்தில் இங்கிலீசு இல்லையாம், சிங்களம் மட்டும்தானாம். லண்டன் பரீட்சைக்கு நீங்கள் படித்த ஆங்கிலோ-சாக்சன் புத்தகங்களைக் கடைக்குப் பழைய தாளாக நிறைக்குப் போட்டுவிடலாமாம். நான் கருவாட்டைக் கழுவப் போய்விட்டேன். வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி அலுத்துவிட்டது.

அந்தப் புத்தகங்களால் நம் கலியாணமே நிற்கப் பார்த்தது. வெள்ளைக்காரரின் பழைய வேதம் படிக்கும் மாப்பிள்ளை வேண்டாம் என்றார் என்னைப் பெற்ற வாப்பா. விசாரிக்க, தாய்வழியாய் வரும் எங்கள் குடிக்குப் பெரியவரான மரைக்கார் வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அது வேதமில்லை, இங்கிலீசின் பழைய பாஷை, இன்றைய இங்கிலீசுக்காரனுக்கே விளங்காது என்றீர்கள். ஆங்கிலோ-சாக்சன் என்பது அதற்கும் முன்னால், வள்ளமேறிக் கடல் கடந்து வந்த கூட்டங்களின் பெயர் என்றதும் மரைக்கார் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். தாய்வழிக் குடியா, தகப்பன்வழியா என்று கேட்டார். தகப்பன்வழி என்றீர்கள்.

“அப்ப அவங்கட பொம்புளப் புள்ளயளுக்கு வீடு வளவு ஆரு குடுக்கிற?”

“ஆரும் குடுக்கிறல்ல. கட்டினவன்ட வீட்டுக்குத்தான் போகணும்.”

“பாவங்கள்” என்றார் மரைக்கார். பிறகு வாப்பாவிடம், மாப்பிள்ளையில் ஒரு குறையுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் குடி வழக்கப்படி நீங்கள் புத்தகப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தீர்கள்.

பரீட்சை எழுதுமுன் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. “பேரு பெரிசா இரிக்கெண்டு பயப்படாத புள்ள. எல்லாம் ஒருகாலம் கர தேடி வந்த ஆக்கள்தான்” என்று இருந்த காலத்தில் புத்தகத்தை விரித்துவைத்து என்னிடம் சொல்வீர்கள்.

பின்னேரம் காக்கா பெட்டியைத் தூக்க வந்தார். அப்போதுதான் சொன்னேன்.

“காக்கா, மனிசன அடக்கியாச்சு. அவர்ர படிப்பையும் அடக்கணுமா?”

அவர் பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார். அதில் ஒரு வரிகூட எனக்கு விளங்காது. இருந்தாலும் அந்தப் பெட்டி இந்த வீட்டைவிட்டுப் போகாது. வல்லரசு, அரசாங்கம் என்று எந்தப் பெரிய பெயரைக் கேட்டாலும் இப்போது எனக்குப் பயம் வருவதில்லை. களைப்புத்தான் வருகிறது. பயத்தைப் போக்கச் சொல்லித்தந்தீர்கள். களைப்பை என்ன செய்வதென்று சொல்லாமலே போய்விட்டீர்களே.