நலம்-17

மார்ச் 4

ஆய்வுக்கு மூட்டு முடக்குவாதக்காரர்களின் ரத்தம் முப்பது குழாய் சேர்ந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஆள் மட்டும் பதினாறிலேயே நிற்கிறது. யாரைக் கேட்டாலும் ஊசி என்றதும் கம்பி நீட்டிவிடுகிறார்கள். கடைசியில் தங்கைதான் அகப்பட்டாள். அவள் முடி வெட்டும் கடைக்கே போய் எடுத்தேன்.

"என் ரத்தத்துல என்னக்கா பாக்கப் போற?"

வெள்ளை அணுக்களுக்குள் எந்த மரபணு மும்முரமாக வேலை செய்கிறது, எது சும்மா கிடக்கிறது என்று பார்ப்போம் என்றேன்.

"சும்மா கிடக்கறதெல்லாம் உன் பக்கத்துலேருந்து வந்ததா இருக்கும்."

குழாயில் 'நலம்-17' என்று ஒட்டினேன். அப்படியே என் முடியையும் வெட்டிவிட்டாள். பேச்சு சுவாரசியத்தில் குழாய் பையிலேயே கிடந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் அணுக்களைப் பிரித்தாக வேண்டும். ஆய்வகம் போய்ச் சேர்ந்தபோது நாலு மணி நேரம் ஆகியிருந்தது. பதிவேட்டில் ஒன்றரை என்று எழுதினேன். நலமான ஆள்தானே, என்ன குடிமுழுகிவிடப் போகிறது?

ஏப்ரல் 22

முடிவு வந்தது. திரையில் ஆளுக்கு ஒரு பட்டை. அதிகம் வேலை செய்யும் மரபணு சிவப்பு, அடங்கியிருப்பது நீலம். நோயாளிகள் பக்கம் முழுக்கச் சிவப்பு. நலமானவர்கள் பக்கம் நீலம் — நடுவில் ஒன்றே ஒன்று சிவப்பு.

17.

அது யாருடையது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "இவங்களுக்கு இன்னும் வலி ஆரம்பிக்கல போல. சில பேருக்கு ரத்தம் முன்னாடியே காட்டிடும். உறுதியா சொல்ல முடியாது. ஆனா டாக்டர்கிட்ட அனுப்பணும்."

ஏப்ரல் 23

தாமதமாகப் பிரித்த ரத்தத்தில் மரபணுக்கள் தாறுமாறாகிவிடும், ஊரறிந்த விஷயம். அதுதான். அதுவாத்தான் இருக்கணும். அவளுக்கு ஒண்ணுமில்ல.

பேராசிரியையிடம் போய் நேரத்தை மாற்றி எழுதியதை ஒப்புக்கொண்டேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். 17-ஐ நீக்கிவிட்டார். "புதுசா ஒரு குழாய் எடுத்துடு. அந்த ஆளுக்காகவாவது."

சரி என்றேன். திட்டு வாங்கிவிட்டு இவ்வளவு நிம்மதியாக நான் வீடு திரும்பியதே இல்லை.

மே 9

எடுக்கவில்லை. அடுத்த வாரம்.

ஜூன் 2

தங்கை போன் செய்தாள். காலையில் விரல் மடங்கவே ஒரு மணி நேரம் ஆகிறதாம். "வயசாகுதுக்கா" என்று சிரிக்கிறாள். முப்பத்தி நாலு வயசு!

நாளெல்லாம் கத்தரிக்கோல் பிடித்தால் வலிக்காதா, வெந்நீரில் கையை வை என்றேன்.

நானா சொன்னேன் அதை? காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு இருக்கும் என்று முப்பது நோயாளிகளிடம் கேட்டு எழுதியவள் நான்.

ஜூலை 14

குழாய், ஊசி எல்லாம் பையில் வைத்துக்கொண்டு போனேன். கடையில் கூட்டம். திரும்பிவிட்டேன்.

கூட்டமாம். யாரை ஏமாத்தற நீ? மறுபடியும் சிவப்பா வந்துட்டா — அதுதானே பயம்?

ஆகஸ்ட் 8

தங்கை வாடிக்கையாளர் மடியிலேயே கத்தரிக்கோலைத் தவறவிட்டாளாம். காயம் ஒன்றுமில்லை. இந்த முறை சிரிப்பும் இல்லை.

செப்டம்பர் 30

தங்கையோடு டாக்டரிடம் போனேன். இரண்டு மணிக்கட்டும் வீங்கியிருக்கின்றன. எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரம் அரித்திருக்கிறது.

"நாலஞ்சு மாசம் முன்னாடி வந்திருந்தா பெரும்பாலும் மருந்துலயே தடுத்திருக்கலாம்மா. அரிச்சது இனிமே திரும்பாது."

"முன்னாடியே எனக்கு எப்படி டாக்டர் தெரியும்?" என்றாள் அவள்.

நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 3

சொல்லிவிட்டேன். பொய் நேரம், சிவப்புப் பட்டை, எடுக்காத குழாய், எல்லாம். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

"ஏப்ரல்லயே தெரியுமா?"

அவ்வளவுதான் கேட்டாள். தேநீர்க் கோப்பையை இரண்டு உள்ளங்கையாலும் தாங்கித் தூக்கிக் குடித்து முடித்தாள். அப்புறம் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, அக்கா கிளம்புறா, கதவைத் திறந்து விடுங்க என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. அவமானமாக இருந்தது.

அக்டோபர் 19

தங்கை ஆய்வுக்கு ரத்தம் கொடுக்க வந்தாள். பேராசிரியை அழைத்திருந்தார். நோயாளி-31.

ரத்தம் எடுக்கும் என் மேஜை முன்னால் யாருமே இல்லை. பக்கத்து மேஜையில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் மூன்று பேர் காத்திருந்தார்கள். தங்கை நாலாவதாகப் போய் நின்றாள்.